சாந்தா ஃபே அடோபி வீடு: முதலில் தண்ணீர், அப்புறம் சமையலறை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாந்தா ஃபேயில் 1920களில் கட்டிய அடோபி வீடு வாங்கியிருக்கிறீர்கள். வெளியே சிமெண்ட் பூச்சு, ஆங்காங்கே விரிசல். உள்ளே வடக்குச் சுவரின் அடியில் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. சமையலறையைப் பெரிதாக்க வேண்டும், இன்னொரு குளியலறை வேண்டும், தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். ஆனால் வீட்டின் பழைய தன்மை போய்விடக் கூடாது. சமையலறையில் தொடங்கலாம், வெளியே புதிதாக ஒரு சிமெண்ட் பூச்சு அடித்துவிட்டால் ஈரம் நின்றுவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். இது சரியா?

சரியில்லை. வேலையின் வரிசையும் தப்பு, மருந்தும் தப்பு. இரண்டுக்கும் காரணம் சுவருக்குள் இருக்கிறது.

அடோபி என்பது சுடாத செங்கல். மணலும் களிமண்ணும் கொஞ்சம் வைக்கோலும் பிசைந்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்த கல். நியூ மெக்சிகோவில் வழக்கமான அளவு 10 அங்குலம், 14 அங்குலம், 4 அங்குலக் கனம். ஒரு கல் 15 கிலோ வரும். கல்லை ஒட்டும் சாந்தும் மண்தான். காய்ந்திருக்கும் வரை இந்தச் சுவர் எத்தனை தலைமுறைக்கும் நிற்கும். அதே மாநிலத்துத் தாவோஸ் பூர்வகுடிக் குடியிருப்பில் மண் வீடுகள் அடுக்கடுக்காக நூற்றாண்டுகளாக நிற்கின்றன. 1992இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். ஆனால் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் கல் தன் வலுவை இழந்து மறுபடி சேறாகிவிடும். சுட்ட செங்கல்லைப் போல மறுபடி காய்ந்ததும் பழைய நிலைக்கு வராது, சரிந்தது சரிந்ததுதான்.

நம் ஊர் மண் வீட்டுக்குக் கூரையின் இறவாரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுவரில் மழை படாது. இங்கே தட்டைக் கூரை. சுற்றிக் கைப்பிடிச் சுவர், அதைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும் மரத் தூம்புகள், அவ்வளவுதான். இதைக் கானாலே என்பார்கள். சாந்தா ஃபேயில் ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் மழைதான். ஆனால் அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஜூலை முதல் செப்டம்பருக்குள் இடியோடு கொட்டிவிடும். ஊர் 7,000 அடி உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் பனி வேறு. ஆக, சுவர் நனையத்தான் செய்யும். நனைந்த ஈரம் மறுபடி வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மண் பூச்சு அந்த வழியை விட்டது. சிமெண்ட் அடைக்கிறது.

சிமெண்ட் பூச்சை மண் சுவரில் நேரே ஒட்ட முடியாது. தார் பேப்பர் வைத்து, கோழி வலை அடித்து, அதன் மேல்தான் பூசுவார்கள். சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும் விதம் வேறு, சிமெண்டின் விதம் வேறு. மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், வெளியே வர முடியாமல் அடியில் இறங்கித் தேங்கும். தரையிலிருந்து சுவர் உறிஞ்சும் ஈரமும் அங்கேயே சேரும். கல் கரைந்து பின்னால் குழி விழுந்தாலும் வலையில் தொங்கும் சிமெண்ட் ஓடு அசையாமல் அழகாகவே நிற்கும். அதுதான் இதில் ஆபத்து.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ராஞ்சோஸ் தே தாவோஸில் உள்ள புனித பிரான்சிஸ் ஆலயம். ஜார்ஜியா ஓகீஃப் ஓவியமாகவும் ஆன்சல் ஆடம்ஸ் புகைப்படமாகவும் பதிவு செய்த அதே தடித்த பின்சுவர்கள். வருடாவருடம் மண் பூசும் வேலை மிச்சமாகும் என்று 1967இல் அதற்குச் சிமெண்ட் பூசினார்கள். பன்னிரண்டு வருடத்துக்குள் உள்ளே சுவர் அழுகியது தெரிந்து, 1979இல் அத்தனையும் உரித்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் கோடையில் ஊர்மக்கள் கூடிப் பூசுகிறார்கள். ஆகையால் உங்கள் வடக்குச் சுவரில் உப்பி உதிரும் பெயிண்டுக்கு இன்னொரு சிமெண்ட் பூச்சு மருந்தாகாது. அந்த ஈரத்துக்கு உள்பக்கம் மட்டும்தான் வழி மிச்சம் இருக்கிறது; அதனால்தான் உள்ளே உதிர்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் வீடு உண்மையிலேயே அடோபிதானா? கிண்டல் இல்லை. சாந்தா ஃபேயில் அடோபி போலத் தெரியும் வீடுகளில் பல மரச்சட்டத்தின் மேல் பூசியவை. சில, மாநிலச் சிறைச்சாலைச் சூளையில் செய்த உள்ளீடற்ற சுட்ட ஓட்டுக் கற்களால் கட்டியவை. ஊரில் ‘பென் டைல்’ என்பார்கள். ஒரே வீட்டில் பழைய அறைகள் அடோபியாகவும் பிற்பாடு சேர்த்தவை பென் டைலாகவும் இருப்பது சகஜம். மின்பெட்டிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் சொல்லப்போவதெல்லாம் அடோபிப் பகுதிக்குத்தான்.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? மேலே. கூரையின் தார் விரிப்பு, அது கைப்பிடிச் சுவரோடு சேரும் இடம், கைப்பிடிச் சுவரின் தலை, கானாலேயின் வாய் ஆகிய நான்கையும் பாருங்கள். கைப்பிடிச் சுவரின் தலையில் விழும் விரிசல் சுவருக்குள் நேரே புனல் வைத்த மாதிரி. 1846இல் அமெரிக்கப் படை வந்து, 1880இல் ரயிலும் வந்த பிறகு கட்டிய ‘டெரிட்டோரியல்’ பாணி வீடுகளில் கைப்பிடிச் சுவர் மேல் சுட்ட செங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். அலங்காரம் என்று நினைக்கிறோம். அந்த இடத்தைக் காப்பதுதான் அதன் முதல் வேலை. கானாலேவுக்குள் தகடு போட்டு, தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழுமாறு போதுமான நீளம் வைக்க வேண்டும். வடக்குப் பக்கக் கானாலேவில் வெயிலே படாது, பனி உறைந்து வாயை அடைக்கும், உருகும் நீர் பின்னால் வழிந்து சுவரில் இறங்கும். உங்கள் வடக்குச் சுவர்க் கறைக்கு நேர் மேலே ஒரு கானாலே இருக்கிறதா என்று இன்றைக்கே வெளியே போய்ப் பாருங்கள். இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது தரைமட்டம். நூறு வருடத்தில் முற்றத்து மண் மெல்ல மெல்ல உயர்ந்திருக்கும். தெரு உயர்ந்திருக்கும். யாரோ சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்துச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பார்கள். வெளிமண் உள்தரையைவிடக் குறைந்தது ஆறு அங்குலம் கீழே இருக்கும்படி வெட்டி எடுத்து, சுவரிலிருந்து பத்தடிக்கு ஆறு அங்குலம் சரியும்படி மட்டம் செய்யுங்கள். செடிகளை ஒரு மீட்டருக்கு அப்பால் நகர்த்துங்கள். சுவரின் அடியில் சிமெண்ட் பாவாடை மாதிரி ஒரு பட்டை கட்டியிருந்தால் அது யாரோ முன்பு செய்த ‘ரிப்பேர்’. ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து இன்னும் மேலே ஏற்றுவதுதான் அது செய்யும் வேலை. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. வடிகால் போடுகிறேன் என்று சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்ட விடாதீர்கள். இந்த வயது வீடுகளில் பலவற்றுக்கு அஸ்திவாரம் என்பது ஆற்றுக் கற்களைப் பள்ளத்தில் அடுக்கியதுதான், சிலவற்றுக்கு அதுவும் கிடையாது. அந்தக் கற்களுக்குக் கீழே தோண்டினால் சுவர் இறங்கும்.

கூரையும் தரைமட்டமும் சரியானபின் காத்திருங்கள். வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காத யோசனை இது, ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஈரம் ஊறிய அடோபி காய ஒரு பருவம் முழுக்க ஆகும். சுவரின் அடியிலும் மூன்றடி உயரத்திலும் மெல்லியதாகத் துளையிட்டு, வரும் மண்ணை எடைபோட்டு, அடுப்பில் காயவைத்து மறுபடி எடைபோட்டால் ஈரம் எவ்வளவு என்று தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். கையில் பிடித்துப் பார்க்கும் மின்னணு ஈரமானியை முழுதாக நம்பாதீர்கள்; சுவரில் உப்பு இருந்தால் அது தாறுமாறாகக் காட்டும்.

வெளிச் சிமெண்டை உரிப்பதா வேண்டாமா? இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து: காய்ந்து, கெட்டியாக, தட்டினால் டொக்கென்று கேட்காமல் இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள். தண்ணீர் ஒழுங்காக வடியும் வீடுகளில் சிமெண்ட் பூச்சுக்குள் நல்ல சுவர்கள் பல பத்தாண்டுகளாக இருப்பதும் உண்மை. ஈரம் உள்ள சுவரில், அடியிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். அதையும் ஒரே நாளில் சுவர் நெடுக உரிக்கக் கூடாது. உள்ளே கல் பாதி கரைந்திருந்தால் அந்த ஓடே முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு துண்டைத் திறந்து, கூரைப் பாரத்துக்கு முட்டு வைத்து, கெட்ட கல்லை எடுத்துப் புதுக்கல் வைத்து, அது இறுகிய பிறகு பக்கத்துத் துண்டை விட்டுவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். புதுக்கல் நன்றாகக் காய்ந்த அடோபியாக இருக்கட்டும், ஒட்டும் சாந்து மண்ணாக இருக்கட்டும். தார்க் குழம்பு கலந்த கறுத்த அடோபி கடையில் சுலபமாகக் கிடைக்கும். புதுக் கட்டடத்துக்கு நல்ல பொருள்தான், பழைய சுவரின் ஓட்டைக்கு வேண்டாம். சிமெண்ட் சாந்தும் வேண்டாம். பக்கத்தில் இருப்பதைவிடக் கடினமான பொருளை வைத்தால் அடுத்த முறை கரைவது பழைய கல்லாகத்தான் இருக்கும்.

அப்புறம் மேல்பூச்சு. மண் பூச்சுதான் சுவருக்கு உகந்தது, ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். முன்பெல்லாம் இதைச் செய்தவர்கள் பெண்கள்தான். என்ஹர்ரதோராஸ் என்று பெயர். சுவரை மெழுகி, நிறமண் குழம்பைத் தடவி, ஆட்டுத்தோலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். உங்களுக்கு அந்தப் பொறுமையோ அதற்கான ஆட்களோ இல்லையென்றால் சுண்ணாம்புக் காரை நல்ல நடுவழி. அதுவும் ஈரத்தை விடும், மழையையும் தாங்கும். ஆனால் அவசரப்படாமல் நனைத்து நனைத்து இறுக வைக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். விரிசலை மூடும் என்று ரப்பர் மாதிரி நீளும் அக்ரிலிக் பூச்சை விற்பார்கள். அதை மட்டும் வீட்டுப் பக்கமே சேர்க்காதீர்கள். எந்தப் பூச்சானாலும் இரவில் உறைபனி இல்லாத மாதங்களில்தான் வேலை. வசந்தத்தின் முடிவிலிருந்து ஜூலை மழைக்கு முன்பு வரை தோதான காலம்.

இப்போது நீங்கள் கேட்ட ‘பழைய தன்மை’. பலர் இதைக் கூரையைத் தாங்கும் உருண்டை மர உத்திரமான விகா, மூலையில் வளைந்த கீவா கணப்படுப்பு, சுவரில் மாடக்குழி, ஓரத்தில் மண் திண்ணை என்று பட்டியல் போடுவார்கள். இவை இருந்தால் காப்பாற்றுங்கள். இல்லையென்றால் புதிதாக ஒட்டவைக்காதீர்கள். சுமை தாங்காத பொய் விகாவை வெளிச்சுவரில் செருகுவது எனக்கு எரிச்சல் தரும் விஷயம். அதுவும் மழைநீர் இறங்க ஒரு துளைதான். உண்மையான தன்மை வேறு இடத்தில் இருக்கிறது: கைக்குக் கை வேறுபடும் சுவரின் மேடுபள்ளம், ஆழமான ஜன்னல் விளிம்பு, ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் ஒரு படி ஏறி இறங்குவது, தாழ்ந்த நிலைவாசல். இந்த வீடுகள் ஒரே மூச்சில் கட்டியவை அல்ல. கல்யாணம் ஆனால் ஓர் அறை, குழந்தை பிறந்தால் ஓர் அறை என்று வரிசையாகச் சேர்ந்து, வளைந்து, முற்றத்தைச் சுற்றிவந்தவை. சுவரை ரசமட்டம் வைத்து நேராக்கி, தரையை எல்லாம் ஒரே மட்டமாக்கினால் விகா அத்தனையும் இருந்தாலும் வீடு போய்விடும்.

அதனால்தான் சமையலறையைப் பெரிதாக்க நடுச்சுவரை இடிக்கச் சொன்னால் நான் தயங்குவேன். அது பெரும்பாலும் கூரையைத் தாங்குகிறது. தாங்காவிட்டாலும் நீளச் சுவர்கள் சாயாமல் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கிறது. இருக்கும் வாசலைக் கொஞ்சம் அகலமாக்கி, மேலே தடிமனான மர உத்திரம் வைக்கலாம். மூலைக்குப் பக்கத்தில் எதையும் வெட்டக் கூடாது. அதைவிட நல்லது, பின்பக்கத்தில் ஓர் அறை சேர்ப்பது. வீடு வளர்ந்த வழியும் அதுதானே. புது அறையை மரச்சட்டத்தில் கட்டி, சமையலறைத் தண்ணீர்க் குழாய், புதுக் குளியலறை எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிட்டால் அடோபிச் சுவருக்குள் ஒரு குழாயும் ஓட வேண்டியதில்லை. சுவருக்குள் கசியும் ஒரு மூட்டு, பத்து மழைக்காலத்தைவிட மோசம். அமெரிக்க உள்துறையின் பத்துப் புனரமைப்பு விதிகளில் இதுவும் ஒன்று: புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும், ஆனால் புதிது என்று தெரியவும் வேண்டும்.

மின்கம்பியைப் பொறுத்தவரை, நிலத்தில் புதைக்கும் வகைக் கேபிளைச் சுவரில் காடி வெட்டிப் பதித்து மண்ணால் மூடுவது இங்கே வழக்கம். பழைய சுவரில் அதைக்கூடக் குறைத்துக்கொண்டு, முடிந்தவரை கூரை வழியாகவோ தரையோரப் பலகைக்குப் பின்னாலோ கொண்டுபோங்கள்.

கூரைக்குள் இன்னொரு கதை இருக்கலாம். விகா மேல் குறுக்காகச் சிறு கழிகள், லத்தியா என்பது. அதன் மேல் ஆறு அங்குலம் முதல் ஓரடி வரை மண். பிற்காலத்தில் அதற்கு மேலேயே தார் போட்டிருப்பார்கள். ஓரடி மண் என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய 45 கிலோ. அதை இறக்கி, அந்த இடத்தில் வெப்பக் காப்பு போட்டால் விகாவுக்கும் நிம்மதி, உங்கள் கேஸ் பில்லுக்கும் நிம்மதி. ஆனால் முதலில் ஒரு பொறியாளர் பார்க்கட்டும். விகாவின் சுவரில் பதிந்த முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், மக்குவது அங்கேதான் தொடங்கும். கூரை இடுக்கில் எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். 1993இல் இந்தப் பிரதேசத்தில்தான் ஹாண்டா வைரஸ் சாவுகள் நடந்தன. மான் எலியின் கழிவு தூசாகக் காற்றில் பறந்தால் பரவும். பிளீச் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, ஈரத் துணியால் எடுங்கள். 1978க்கு முந்தைய பெயிண்ட் என்பதால் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெப்பக் காப்பைச் சுவருக்கு வெளியே நுரைப் பலகையாக ஒட்டலாமா என்றும் ஒப்பந்தக்காரர் கேட்பார். பத்தங்குல அடோபியின் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறன், சுமார் 3தான், கண்ணாடிப் பஞ்சு வைத்த சாதாரண மரச்சட்டச் சுவரில் பஞ்சுக்கு மட்டுமே 13. காகிதத்தில் பார்த்தால் அடோபி தோற்றுப்போகும். ஆனால் பகல் வெயிலை வாங்கி ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்து உள்ளே விடுவது அதன் கனம். நுரைப் பலகை அதைக் கெடுப்பதோடு ஈரத்தையும் அடைக்கும். காசைக் கூரையிலும் ஜன்னலிலும் போடுங்கள். பழைய மர ஜன்னலைப் பழுது பார்த்து, உள்பக்கம் இன்னொரு கண்ணாடி மாட்டினால் பெரும்பாலும் போதும்.

தரைச் சூடு ஆசைதான் எனக்குக் கவலை தருகிறது. அதற்காகப் பிளாஸ்டிக் விரித்துச் சுவர் முதல் சுவர் வரை கான்கிரீட் போட்டால், இத்தனை வருடம் தரை வழியாக ஆவியான நிலத்து ஈரம் சுவரைத் தேடிப் போகும். உங்கள் வடக்குச் சுவர்ச் சிக்கல் நான்கு சுவருக்கும் வரும். சரளை விரித்து, மணல் மேல் செங்கல் பாவுவதோ, ஆளி எண்ணெய் பூசிய மண் தரையோ இங்கே பழகியவை. சூட்டுக் குழாயை அவற்றுக்குள்ளும் ஓட்டலாம். மரத் தரை இருந்தால் அதைவிட்டு, பழைய அறைகளுக்குச் சுவரோர ரேடியேட்டர், புது அறைக்கு மட்டும் தரைச் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயம். 1957இல் கட்டடக் கலைஞர் ஜான் கா மீம் முன்னின்று வகுத்த விதிகள் முதல் சாந்தா ஃபேயின் பழைய வட்டாரங்களில் வெளித்தோற்றத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. நிறம், ஜன்னல், உயரம் எல்லாவற்றையும் நகரக் குழு பார்க்கும். உள்வேலையில் பொதுவாகத் தலையிடுவதில்லை. உங்கள் வீட்டுக்கு எந்த அந்தஸ்து என்று நகர அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்; முகப்பு ஜன்னலைத் தொடலாமா, புது அறை எங்கே வரலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. மத்திய அரசின் 20 சதவீத வரிச் சலுகை வருமானம் ஈட்டும் கட்டடத்துக்குத்தான், குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. நியூ மெக்சிகோ மாநிலம் தன் பாரம்பரியப் பதிவேட்டில் உள்ள வீட்டுக்குத் தகுதியான செலவில் பாதியை, 25,000 டாலர் வரை, வருமான வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. ஆனால் வேலை தொடங்குமுன் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். இதை மறந்து சுவரை உரித்துவிட்டால் பணம் போச்சு.

கடைசியாகச் சமையலறை. தாளிப்பும் ஆவியுமாக நாம் சமைக்கிற சமையலுக்குப் பலமான புகைபோக்கி விசிறி கேட்பீர்கள், அது நியாயமே. குழாயைப் பழைய சுவரைத் துளைத்து விடாமல் புது அறையின் சுவர் வழியாக விடுங்கள். விசிறி இழுக்கும் காற்று உள்ளே வர தனி வழியும் வையுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும்போது அது கணப்படுப்பின் புகையை, கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து, கூடத்துக்குள் இழுத்துவிடும். அந்த வாயு எச்சரிக்கும் கருவி ஒன்றைக் கூடத்திலும் ஒன்றைப் படுக்கையறைப் பக்கத்திலும் இந்த வாரமே மாட்டிவிடுங்கள், இதற்கு மட்டும் சுவர் காயும்வரை காத்திருக்க வேண்டாம்.